வெசாக் ஊர்வலமும் ஒரு தட்டு மரவள்ளிக்கிழங்கும்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டிருக்கின்றன.)

இன்னைக்கு எபிசோடை ஒரு பஸ்ஸுக்குள்ளிருந்து ஆரம்பிக்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னாடி, ஒரு மே மாதம், கொழும்பு. ராத்திரி எட்டு மணி இருக்கும். பொரளைப் பக்கம் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். திடீரென்று பத்துப் பதினைந்து பையன்கள் ரோட்டுக்கு நடுவே வந்து நின்றார்கள். கையில் கொடி. ஒருவன் இரண்டு கையையும் விரித்து பஸ்ஸை மறித்தான். சென்னையில் வளர்ந்த எனக்கு, ரோட்டை மறிச்சா இரண்டே அர்த்தம்தான்: ஒன்று மறியல், இல்லேன்னா தகராறு. மடியில் இருந்த பையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன்.

டிரைவர் பதறவே இல்லை. என்ஜினை ஆஃப் பண்ணிட்டு முதல் ஆளா இறங்கினார். பின்னாடியே மொத்த பஸ்ஸும் இறங்கியது. ரோட்டோரம் ஒரு தகரக் கொட்டகை, நீளமான மேசை. லஞ்ச் ஷீட் விரித்த தட்டில் ஆவி பறக்கும் மரவள்ளிக்கிழங்கு, மேலே துருவின தேங்காய், ஓரத்தில் கண்ணில் தண்ணி வரவைக்கிற சம்பல். "எவ்வளவு?" என்று கேட்டேன். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா சிரித்தார். "காசு இல்லை தம்பி. வெசாக் தன்சல். சாப்பிடுங்கோ."

அங்கே யாரும் என் பெயரைக் கேட்கவில்லை. ஊரையும் கேட்கவில்லை, சாமியையும் கேட்கவில்லை. தட்டு காலியானதும் ஒரு பையன் இன்னொரு அகப்பை போட வந்தான், அவ்வளவுதான்.

வெசாக்கின் வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தது அந்தத் தட்டினால்தான். படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது. இந்தப் பண்டிகை இரண்டு விதமாகத் தெருவுக்கு வருகிறது. ஒன்று, ஊர்வலமாக. இன்னொன்று, சோறாக. இரண்டுக்கும் தனித்தனி வரலாறு இருக்கு. இன்றைக்கு அந்த இரண்டையும்தான் பேசப்போறேன்.

முதலில் அடிப்படை. புத்தர் பிறந்தது, ஞானம் பெற்றது, பரிநிர்வாணம் அடைந்தது, மூன்றுமே ஒரே பௌர்ணமியில் நடந்தது என்பது தேரவாத பௌத்தர்களின் நம்பிக்கை. அந்தப் பௌர்ணமிதான் வெசாக். பாலியில் 'வேசாக', சமஸ்கிருதத்தில் 'வைசாக', நம் ஊரில் 'வைகாசி'. எல்லாம் விசாக நட்சத்திரத்திலிருந்து வந்த பெயர்கள். பெரும்பாலும் மே மாதத்தில் வரும்.

இலங்கையில் அன்றைக்கும் மறுநாளும் அரசு விடுமுறை. மதுக்கடைகளும் இறைச்சிக் கடைகளும் மூடியிருக்கும். காலையில் வெள்ளை உடை உடுத்தி ஆட்கள் விகாரைக்குப் போவார்கள். சாதாரண நாளில் கடைப்பிடிக்கிற ஐந்து சீலங்களுக்குப் பதில் அன்று எட்டு சீலங்கள். மதியத்துக்கு மேல் சாப்பாடு கிடையாது, ஆட்டம் பாட்டம் கிடையாது, உயரமான சொகுசுக் கட்டிலில் படுக்கக் கூடாது. பாட்டிமார்கள் நாள் முழுக்க விகாரை மரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். தியானம், பண உரை கேட்பது, கொஞ்சம் தூக்கம்.

பொழுது சாய்ந்ததும் நிலைமை தலைகீழ். வீட்டுக்கு வீடு வெசாக் கூடு தொங்கும். மூங்கில் சிம்புகளைக் கட்டி, கலர் டிஷ்யூ தாள் ஒட்டி, உள்ளே விளக்கு வைத்த கூடு. எட்டுப் பட்டை வைத்துச் செய்வது பழைய மாடல். இப்போது தாமரை, நட்சத்திரம், தானாகச் சுற்றுகிற கூடு என்று எல்லாம் வந்தாச்சு. பெரிய சந்திப்புகளில் தோரணங்கள் நிற்கும். நம் ஊர் கட்அவுட்டை நாலு மடங்கு பெரிதாக்கி, அதில் ஆயிரக்கணக்கான பல்புகளைப் பதித்த மாதிரி இருக்கும். நடுவில் புத்தர், சுற்றிலும் ஒரு ஜாதகக் கதையின் காட்சிகள் ஓவியமாக. ஒலிபெருக்கியில் ஒருவர் கதையைச் செய்யுளாகப் பாட, அந்தந்தக் காட்சி பளிச்சென்று எரியும். தெருவில் வெள்ளைச் சட்டைப் பிள்ளைகள் வரிசையாக நின்று 'பக்தி கீ' பாடுவார்கள்.

இதற்கெல்லாம் நடுவில் தன்சல். 'தானசாலை'தான் சிங்களத்தில் தன்சல் ஆனது. சோறு கறி போடுகிற தன்சல், நூடுல்ஸ் தன்சல், கொத்தமல்லித் தண்ணி தன்சல், ஐஸ்கிரீம் தன்சல் என்று தெருவுக்குத் தெரு ஒன்று. ஐஸ்கிரீமுக்கு இருக்கிற க்யூவைப் பார்த்தா பயமா இருக்கும். தன்சல் நடத்துபவர்கள் பொது சுகாதாரப் பரிசோதகரிடம் முன்கூட்டியே பதிவு பண்ண வேண்டும். அவர் வந்து தண்ணியையும் பாத்திரத்தையும் பார்ப்பார். புண்ணியத்துக்கும் இன்ஸ்பெக்‌ஷன் உண்டு.

இதையெல்லாம் பார்க்கிற யாருக்கும் ஒரு நினைப்பு வரும்: இரண்டாயிரம் வருஷமா இது இப்படியேதான் நடந்துட்டு வருது போல. அங்கேதான் வரலாறு குறுக்கே வந்து நிற்குது.

வெசாக் பழையதா? பழையதுதான். ஆதாரம் இருக்கு. இலங்கையின் பாலி காவியமான மகாவம்சத்தில் துட்டகைமுனு அரசன் சாகிற காட்சி ஒன்று வருகிறது. கி.மு. 2ஆம் நூற்றாண்டு அரசன். அவன் கட்டிக்கொண்டிருந்த மகா தூபியைப் பார்த்தபடி படுக்க வைத்திருக்கிறார்கள். அவன் செய்த புண்ணியங்களை எழுதி வைத்த ஏடு ஒன்று உண்டு. அதை எழுத்தர் வாசிக்கிறார். இத்தனை விகாரைகள், இத்தனை தானங்கள். அந்தப் பட்டியலில், அவன் 24 தடவை வெசாக் விழா எடுத்தான் என்பதும் ஒன்று.

பட்டியலைக் கேட்டு முடித்த அரசன் சொல்கிற பதில் யாரும் எதிர்பார்க்காதது. அரியணையில் இருந்தபடி கொடுத்ததெல்லாம் என் மனசுக்குச் சந்தோஷம் தரவில்லை என்கிறான். கஷ்டத்தில் இருந்தபோது, உயிரைப் பற்றிக்கூட நினைக்காமல் கொடுத்த இரண்டு தானங்கள்தான் என் மனசைக் குளிர வைக்கின்றன என்கிறான். எது அந்த இரண்டு? ஒன்று, பஞ்ச காலத்தில் தன் காதணிகளை விற்று வாங்கி பிக்குகளுக்குக் கொடுத்த தினைக் கூழ். இரண்டாவது, போரில் தோற்றுக் காட்டில் ஓடிக்கொண்டிருந்தபோது தன் பங்கிலிருந்து ஒரு பிக்குவுக்குக் கொடுத்த சாப்பாடு.

யோசிச்சுப் பாருங்க. 24 வெசாக் விழாக்கள் ஒரு தட்டில், இரண்டு வேளைச் சாப்பாடு மறு தட்டில். சாகப் போகிற அரசனுக்குச் சாப்பாட்டுத் தட்டுதான் கனமாக இருந்தது.

இதே முடிச்சு தமிழிலும் இருக்கு. மணிமேகலையைப் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படிச்சிருப்போம். அமுதசுரபி, அள்ள அள்ளக் குறையாத பாத்திரம். அது மணிபல்லவத் தீவில் கோமுகிப் பொய்கைக்குள் மூழ்கிக் கிடக்கும். வருஷத்துக்கு ஒரே ஒரு நாள் மேலே வரும். எந்த நாள்? வைகாசி விசாகம், புத்தர் பிறந்த நாள். அந்தத் தகவல் நம் பாடப் புத்தகத்தில் எங்கோ ஓரத்தில் இருந்திருக்கும், நான் கவனித்ததே இல்லை. மணிபல்லவம் யாழ்ப்பாணத்துக்கு அருகிலுள்ள நயினாதீவுதான் என்று பலர் சொல்கிறார்கள். எது எப்படியோ, சீத்தலைச் சாத்தனாருக்கு அந்தப் பௌர்ணமி என்றால் பசி தீர்க்கிற பாத்திரம் தண்ணீருக்கு மேலே வருகிற நாள். பொரளையில் என் கைக்கு வந்த தட்டுக்கு ஒரு தமிழ்ப் பாட்டி உண்டு.

சரி, சோற்றின் வேர் இவ்வளவு பழசு. ஆனால் விடுமுறை, கொடி, வாழ்த்து அட்டை, பக்தி கீ? இவையெல்லாம் பிறந்தது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில். அந்தக் கதை ஒரு கலவரத்தில் ஆரம்பிக்கிறது.

1883, மார்ச் 25. ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பின் கொட்டாஞ்சேனை. கத்தோலிக்கர்கள் நிறைய வாழ்ந்த பகுதி. புனித லூசியாள் பேராலயம் அங்கேதான். அதற்குக் கொஞ்ச தூரத்தில் தீபதுத்தாராமய என்ற பௌத்த விகாரை. விகாரையின் தலைவர் மிகெட்டுவத்தே குணானந்த தேரர். அந்தக் காலத்தில் அவர் ஒரு ஸ்டார். 1873இல் பாணந்துறையில் கிறிஸ்தவப் போதகர்களுடன் ஆயிரக்கணக்கானோர் முன்னால் இரண்டு நாள் விவாதம் பண்ணி, பௌத்தர்கள் மத்தியில் பெரும் பெயர் வாங்கியவர்.

விகாரையில் புதிய புத்தர் சிலைக்குக் கண் திறக்கும் விழா. அதற்காக வாரக்கணக்கில் தினமும் ஊர்வலங்கள் வந்துகொண்டிருந்தன. ஈஸ்டர் அன்றைக்கும் ஒன்று. வதந்திகள் பறந்தன. ஊர்வலத்தில் சிலுவையை அவமதிக்கிறார்கள் என்று கத்தோலிக்கர்கள் நம்பினார்கள். ஊர்வலம் நெருங்கியபோது ஆலய மணி அடித்தது. கூட்டம் திரண்டது. அடிதடி நடந்தது. வண்டிகளை இழுத்து வந்த மாடுகள்கூடக் கொல்லப்பட்டன. பௌத்தர் ஒருவர் உயிரிழந்தார். பலர் காயப்பட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் பௌத்தர்களை நிஜமாகக் காயப்படுத்தியது. யாருக்கும் தண்டனை இல்லை. போதிய சாட்சியம் இல்லை என்று பிரிட்டிஷ் நிர்வாகம் கைவிட்டது. தங்கள் நாட்டிலேயே தங்களுக்கு நீதி கிடைக்காது என்ற எண்ணம் ஆழமாகப் பதிந்தது.

இங்கே நம் ஊர் வருது. ஹென்றி ஸ்டீல் ஆல்காட். அமெரிக்க உள்நாட்டுப் போரில் கர்னல், லிங்கன் கொலை விசாரணையில் வேலை பார்த்தவர், பிறகு பிளாவட்ஸ்கி அம்மையாருடன் தியசாபிகல் சொசைட்டியைத் தொடங்கியவர். 1880இல் காலியில் வந்து இறங்கி, பிளாவட்ஸ்கியோடு சேர்ந்து பகிரங்கமாகப் பஞ்ச சீலம் எடுத்துப் பௌத்தர் ஆனார். வெள்ளைக்காரர் ஒருவர் இப்படிச் செய்தது இலங்கை பௌத்தர்களுக்குக் கொடுத்த தெம்பு கொஞ்சநஞ்சம் இல்லை. 1882 கடைசியில் சொசைட்டியின் தலைமையகம் சென்னை அடையாறுக்கு வந்தது. பெசன்ட் நகர்ப் பக்கம் போனவர்களுக்கு ஆல்காட் நினைவுப் பள்ளி தெரிந்திருக்கும், ஆல்காட் குப்பமும் தெரிந்திருக்கும். அதே ஆல்காட்தான்.

கொழும்பு பௌத்தர்கள் அவரைக் கூப்பிட்டார்கள். 1884இல் அவர் கோரிக்கைப் பட்டியலோடு லண்டன் போய்க் காலனி அலுவலகத்தின் கதவைத் தட்டினார். கலவரத்துக்கு நீதி வேண்டும், பௌத்தர்களுக்கும் திருமணப் பதிவாளர்கள் வேண்டும், வெசாக்குக்கு விடுமுறை வேண்டும். கலவர வழக்கு திரும்பத் திறக்கப்படவே இல்லை. ஆனால் விடுமுறை வந்தது. ஆளுநர் ஆர்தர் கார்டன் காலத்தில், 1885 முதல் வெசாக் அரசு விடுமுறை ஆனது.

அந்த முதல் விடுமுறை வெசாக்குக்காகக் கொழும்புக் குழு ஒரு கொடி தயாரித்தது. குழுவில் ஹிக்கடுவ சுமங்கல தேரர் இருந்தார், குணானந்த தேரரும் இருந்தார். புத்தரின் உடலிலிருந்து வீசிய ஒளியின் நிறங்கள் என்று நூல்கள் சொல்கிற நீலம், மஞ்சள், சிவப்பு, வெள்ளை, செம்மஞ்சள். ஐந்தும் கலந்தது ஆறாவது. முதலில் நீள வாலாகத் தொங்குகிற மாதிரி வரைந்திருந்தார்கள். ஊர்வலத்தில் தூக்கவும் வீட்டில் பறக்கவிடவும் கஷ்டம், தேசியக் கொடி அளவுக்கு மாற்றுங்கள் என்று ஆல்காட் யோசனை சொன்னார். இன்று உலகம் முழுக்க பௌத்தக் கொடி என்று பறப்பது அதுதான். 1885 வெசாக் அன்று அதை முதலில் ஏற்றிய இடங்களில் முக்கியமானது எது தெரியுமா? கொட்டாஞ்சேனை, தீபதுத்தாராமய. அடி வாங்கிய அதே விகாரை.

கொஞ்ச காலத்தில் மற்றதெல்லாம் சேர்ந்தது. கிறிஸ்துமஸ் கார்டைப் பார்த்து வெசாக் கார்டு. கரோலைப் பார்த்து பக்தி கீ. அந்தக் கால ஆங்கில ஆவணங்களில் இந்தப் பாடகர் குழுக்களுக்குப் பெயரே 'கரோல் பார்ட்டி'தான். ஞாயிறு மறைப்பள்ளியைப் பார்த்து ஞாயிறு தம்மப் பள்ளி. எதிர்த்து நின்றவர்களிடமிருந்தே வடிவத்தை எடுத்துக்கொண்ட இந்தப் புதிய பௌத்தத்துக்கு, மானுடவியலாளர் கணநாத் ஒபயசேகர 'புரொட்டஸ்டன்ட் பௌத்தம்' என்று பெயர் வைத்தார்.

அப்போ இதெல்லாம் காப்பியா, போலியா என்று சிலர் கேட்பார்கள். எனக்கு அப்படித் தோணலை. எல்லாப் பண்டிகையும் பக்கத்து வீட்டிலிருந்து ஏதாவது வாங்கித்தான் வளருது. இந்த எழுச்சி நம் பக்கமும் கரை தட்டியது. 1898இல் அயோத்திதாசப் பண்டிதர் ஆல்காட்டின் துணையோடு கொழும்பு போய், கொடிக் குழுவில் இருந்த அதே சுமங்கல தேரரிடம் பஞ்ச சீலம் பெற்றார். திரும்பி வந்து ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். சாதியால் தள்ளி வைக்கப்பட்டவர்களுக்கு இந்தப் பௌத்தம் ஒரு கதவாக இருந்தது.

இங்கேயே எபிசோடை முடிச்சிருந்தா அழகான கதை. அடிபட்டவர்கள் எழுந்தார்கள், கொடி ஏற்றினார்கள், சுபம். ஆனால் முப்பது வருஷம் கழித்து என்ன நடந்தது என்பதைச் சொல்லாமல் போனால் அது பாதிக் கதைதான்.

மலைநாட்டில் கம்பளை. அங்கே வலஹாகொட தேவாலயத்தின் வருடாந்தர பெரஹர ஊர்வலம் மேளதாளத்தோடு போகும். வழியில் ஒரு பள்ளிவாசல் வந்தது. கட்டியவர்கள் கரையோர முஸ்லிம்கள். அதாவது தென்னிந்தியக் கடற்கரை ஊர்களிலிருந்து வியாபாரத்துக்குப் போனவர்கள். தொழுகை நடக்கிற இடம், கடக்கும்போது மேளத்தை நிறுத்துங்கள் என்றார்கள். முடியாது, இது எங்கள் பாரம்பரிய உரிமை என்றது தேவாலயத் தரப்பு. 1815 கண்டி ஒப்பந்தத்தில் பௌத்த சமயச் சடங்குகளைக் காப்போம் என்று பிரிட்டிஷார் எழுதிக் கொடுத்திருக்கிறார்களே என்று நீதிமன்றம் போனார்கள். 1914இல் மாவட்ட நீதிமன்றம் தேவாலயத்துக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. 1915 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது.

மூன்று மாதம் கழித்து, 1915 மே 28. வெசாக் இரவு, கண்டி. பாடகர் குழு ஒன்று வண்டியோடு பள்ளிவாசல் இருந்த தெருவுக்கு வருகிறது. போலீஸ் அவர்களைப் பக்கத்துத் தெருவுக்குத் திருப்புகிறது. பள்ளிவாசல் பக்கமிருந்து கேலிக் கூச்சல். ஊர்வலத்தினர் திரும்பி வருகிறார்கள். கல் பறக்கிறது. பள்ளிவாசல் தாக்கப்படுகிறது. அடுத்த சில நாட்களில் நெருப்பு கொழும்பு வரை, இன்னும் பல மாவட்டங்கள் வரை பரவுகிறது. அரசுக் கணக்குப்படியே முஸ்லிம்கள் 25 பேர் கொல்லப்பட்டார்கள். சூறையாடப்பட்ட கடைகள் நாலாயிரத்துக்கும் மேல். பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள்.

ஜூன் 2இல் இராணுவச் சட்டம் வந்தது. பிரிட்டிஷ் அடக்குமுறை கொடூரமாக இருந்தது. விசாரணை இல்லாமல் சுட்டுக் கொன்றார்கள், பௌத்தத் தலைவர்களைச் சிறையில் அடைத்தார்கள். அவர்களுக்காகச் சட்டசபையில் குரல் கொடுத்து லண்டன் வரை போனவர் ஒரு தமிழர், பொன்னம்பலம் ராமநாதன். திரும்பி வந்தபோது சிங்களத் தலைவர்கள் அவர் வண்டியைத் தாங்களே இழுத்துப் போனார்கள். இலங்கைப் பாடப் புத்தகங்களில் அந்தக் காட்சி ஒற்றுமையின் சின்னம். ஆனால் கடையையும் உறவையும் இழந்த முஸ்லிம்களுக்கு அந்தக் காட்சி எப்படி இருந்திருக்கும்? அவர்களுக்காக யார் லண்டன் போனார்கள்? இந்தக் கேள்வியை இலங்கை முஸ்லிம்கள் நூறு வருஷமாகக் கேட்டுட்டிருக்காங்க. நியாயமான கேள்வி.

1883இல் பௌத்த ஊர்வலம் அடி வாங்கியது. 1915இல் பௌத்த ஊர்வலத்திலிருந்தே அடி கிளம்பியது. இடையில் முப்பத்திரண்டு வருஷம். கொட்டாஞ்சேனையில் நீதி கிடைத்திருந்தால் கண்டியில் இது நடந்திருக்காது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இரண்டு இடத்திலும் சண்டை ஒன்றேதான்: இந்தத் தெரு யாருடையது? எங்கள் சத்தம் எதுவரை கேட்கலாம்? பிள்ளையார் ஊர்வலம், மசூதி, மேளம் என்று நம் நாட்டிலும் இதே வாக்கியங்களைக் கேட்டிருக்கோம். ஊர்வலம் சாமிக்காகக் கிளம்பும். ஒரு திருப்பத்தில், எதிர் வீட்டுக்காரனுக்குக் கேட்க வேண்டும் என்பதே நோக்கமாகிவிடும்.

மேளத்தை நிறுத்த மாட்டோம், அது பாரம்பரியம் என்றார்கள் அல்லவா? பாரம்பரியம் நிஜமாகவே என்ன சொல்லுது என்று பார்க்கலாம். திரும்ப மகாவம்சத்துக்குப் போவோம்.

துட்டகைமுனு யாரைப் போரில் வென்றான்? அநுராதபுரத்தை ஆண்ட எல்லாளனை. சோழ நாட்டிலிருந்து வந்தவன், தமிழன், பௌத்தன் அல்லாதவன். ஆனாலும் நீதி தவறாதவன் என்று மகாவம்சமே சொல்கிறது. கன்றைக் கொன்ற மகனைத் தேர்க்காலில் இட்ட கதை நமக்கு மனுநீதிச் சோழன் கதை. அதே கதை அங்கே எல்லாளன் பெயரில் இருக்கு.

எல்லாளன் விழுந்த பிறகு துட்டகைமுனு என்ன செய்தான்? விழுந்த இடத்திலேயே உரிய மரியாதையோடு தகனம் செய்து, நினைவுச் சின்னம் எழுப்பி, வழிபாடும் நடக்கச் செய்தான். அந்த இடத்தை நெருங்கும்போது இலங்கையின் அரச குலத்தினர் இன்றும் வாத்தியங்களை நிறுத்திவிடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறது. போருக்குப் பல நூற்றாண்டுகள் கழித்து எழுதப்பட்ட நூல் இப்படிச் சொல்கிறது. 1818 கலகம் தோற்ற பிறகு தப்பி ஓடிக்கொண்டிருந்த பிலிமத்தலாவை என்ற கண்டிப் பிரபு, அந்தச் சின்னம் எங்கே இருக்கிறது என்று சரியாகத் தெரியாததால், பல்லக்கை விட்டு இறங்கி, தாண்டிவிட்டோம் என்று உறுதியாகும் வரை நடந்தே போனார் என்று 19ஆம் நூற்றாண்டு ஆங்கில எழுத்தாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். உயிருக்குப் பயந்து ஓடுகிற மனுஷன், எதிரி ராஜாவின் சமாதிக்காக இறங்கி நடக்கிறார்.

மகாவம்சத்தை எல்லாருக்குமான சமாதானப் புத்தகம் என்று நான் சொல்ல வரவில்லை. அதே நூலில் கொல்லப்பட்ட தமிழ் வீரர்களை மனிதக் கணக்கிலேயே சேர்க்காமல் அரசனுக்கு ஆறுதல் சொல்கிற இடமும் உண்டு. பின்னாளில் அந்த இடத்தை எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. ஆனால் வாத்தியத்தை நிறுத்துகிற வரியும் அதே புத்தகத்தில்தான் இருக்கு. பாரம்பரியம் என்பது பெரிய பெட்டி. அதிலிருந்து எதை எடுக்கிறோம் என்பது நம் கையில்.

1999 டிசம்பரில் ஐ.நா. பொதுச் சபை வெசாக்கைச் சர்வதேச நாளாக அங்கீகரித்தது. அதை முன்னெடுத்தவர் இலங்கையின் வெளியுறவு அமைச்சர் லக்ஷ்மன் கதிர்காமர். தமிழர், கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். உள்நாட்டுப் போரின் நடுவே, ஒரு தமிழர் நியூயார்க்கில் சிங்களவர்களின் பெரிய பண்டிகைக்காக ஆதரவு திரட்டினார். அதை எப்படிப் புரிந்துகொள்வது என்பதில் தமிழர்களுக்குள்ளேயே ஒரு கருத்து கிடையாது. அது தனி எபிசோட்.

2019, ஏப்ரல் 21. திரும்பவும் ஈஸ்டர் ஞாயிறு. குண்டு வெடித்த தேவாலயங்களில் ஒன்று கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயம். கொட்டாஞ்சேனையிலிருந்து நடந்து போகும் தூரம். மே மாதம் நடுவில் பல ஊர்களில் முஸ்லிம் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அதற்குச் சில நாள் கழித்து, மே 18, வெசாக். பயத்தோடு, அடங்கிய குரலில் நடந்த வெசாக். 1883, 1915, 2019. ஒரே நாடு, அதே கேள்வி.

நான் போன அந்த வெசாக்குக்குத் திரும்ப வரேன். மரவள்ளிக்கிழங்கு சாப்பிட்டு பஸ் ஏறிய பிறகு தோரணம் பார்க்கப் புறக்கோட்டைப் பக்கம் போனேன். கூட்டம் நகரவே இல்லை. ஒரு துணிக்கடை வாசலில் பெரிய பிளாஸ்டிக் டிரம் வைத்து, தொப்பி போட்ட ஒரு பெரியவரும் இரண்டு பையன்களும் சர்பத் ஊற்றிக் கொடுத்துட்டிருந்தாங்க. வெள்ளை உடுத்த ஒரு சிங்களக் குடும்பம் வாங்கிக் குடித்தது. குழந்தை இரண்டாவது டம்ளர் கேட்டது. நானும் ஒன்று வாங்கினேன். பெரியவரிடம் தமிழில், "நீங்களும் தன்சல் போடுவீங்களா?" என்று கேட்டேன். கேள்வியே அவருக்கு விசித்திரமாக இருந்தது போல. "தாகமா வராங்கதானே" என்றார். அடுத்த டம்ளரை நிரப்பப் போய்விட்டார்.

அவருடைய தாத்தாவின் கடை 1915இல் எரிந்ததா? எனக்குத் தெரியாது, நான் கேட்கலை. அன்று அங்கே கேட்கிற கேள்வியாகவும் அது இல்லை.

ஊர்வலம் தேவையில்லை என்று நான் சொல்லலை. 1885இல் அந்தக் கொடியை ஏற்ற வேண்டிய அவசியம் இருந்தது. அடி வாங்கியவன் தெருவில் நிமிர்ந்து நடக்கத்தான் வேண்டும். ஆனால் கொடி ஒரு தெருவில் நின்று 'இது என் இடம்' என்று சொல்லும். தன்சலும் அதே தெருவை மறிக்கும். மறித்துவிட்டு 'வாங்க, சாப்பிடுங்க' என்று சொல்லும். துட்டகைமுனுவுக்குச் சாகும்போது இந்த வித்தியாசம் தெரிந்திருந்தது. சாத்தனாருக்கும் தெரிந்திருந்தது.

அடுத்த வெசாக்குக்கு யாராவது கொழும்பு போனீங்கன்னா, பையன்கள் பஸ்ஸை மறிச்சா பயப்படாதீங்க. இறங்குங்க. சம்பல் மட்டும் கொஞ்சமா போடச் சொல்லுங்க.